எந்த வரிசை, எத்தனாவது கல்?

டைரக்டர் சார், நீங்கள் பொய்யர். இரண்டு முறை பொய் சொல்லியிருக்கிறீர்கள். முதல் பொய்யை என் அத்தையிடம் சொன்னீர்கள். அப்போது எனக்குப் பத்து வயது, பக்கத்திலேயே நின்றேன். இரண்டாவது பொய்யைப் போன மாதம் ஈப்போவில் ஒரு மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். அப்போதும் நான் இருந்தேன், பின்வரிசையில்.

உங்கள் சயாம் ரயில் படத்தின் கீறல்களைத் துடைத்து, புதுப் படம் மாதிரி போட்டுக் காட்டினார்கள். நாங்கள் இப்போது குடியிருக்கும் சிலிபினிலிருந்து தெருவே கிளம்பி வந்திருந்தது. குண்டு விழுந்தபோது நாற்காலி அதிர்ந்தது. ஆற்றில் பிணங்கள் மிதந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் அந்தக் காட்சி வந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் ஒரு வயதான பெண், மகன் செத்த செய்தி கேட்டு மண்ணில் உட்கார்ந்து அழுகிறாள். ஒரு பெயரைச் சொல்லி அழுகிறாள். “கதவுப் பக்கம் ஒக்காரச் சொல்லாம விட்டேனே” என்று மாரில் அடித்துக்கொள்கிறாள். மண்டபத்தில் மூக்கை உறிஞ்சாத ஆள் இல்லை.

விளக்கு போட்டதும் ஒரு பையன் எழுந்து கேட்டான். நடிகையே அல்லாத ஒரு தோட்டத்து அம்மாவிடமிருந்து இந்த அழுகையை எப்படி வாங்கினீர்கள், அந்தக் கதவுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். நீங்கள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னீர்கள். கதவு என்றால் விடுதலையாம். அந்த அம்மாவுக்கு நீங்கள் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். கேமராவை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றீர்களாம், உண்மை தானாக வந்ததாம். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கையைத் தூக்கினேன். மைக் முன்வரிசைக்குப் போனது. அங்கே ஒருவர் எந்தக் கேமராவில் எடுத்தீர்கள் என்று கேட்டார். அதன் பிறகு தேநீரும் வடையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

அந்த அம்மா என் அத்தை. அப்பாவின் மூத்த அக்கா. அப்பாவைவிடப் பதினெட்டு வயது பெரியவள். அப்பாவை வளர்த்தவளும் அவள்தான். எங்கள் தோட்டம் சித்தியவானிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அப்போதே ரப்பர் மரங்களில் பாதியைச் சாய்த்து, எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள். லயத்தில் பாதி வீடுகள் காலி. மிச்சம் இருந்தவர்களில் நாங்களும் ஒரு குடும்பம்.

அத்தைக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆனபோது ஜப்பான்காரன் காலம். டவுன் கொட்டகையில் ஓசிப் படம் என்று தோட்டம் முழுக்கச் சொன்னார்கள். மாமா இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, கூட்டாளிகளோடு படம் பார்க்கப் போனார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது கதவைப் பூட்டி, உள்ளே இருந்த ஆண்களையெல்லாம் லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள். கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மட்டும் பூட்டுவதற்கு முன்னால் நழுவி வந்தார்கள். அவர்கள் சொல்லித்தான் தோட்டத்துக்கு விஷயம் தெரியும். சண்டை முடிந்து சயாமிலிருந்து ஓர் ஆள் திரும்பி வந்தான். மாமாவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள், அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்றான். செத்துப்போனார் என்று அவன் சொல்லவில்லை. வேறு யாரும் வந்து சொல்லவும் இல்லை.

யாரும் சொல்லாததால் அத்தை தாலியைக் கழற்றவில்லை. ஐம்பது வருஷம். தினமும் காலையில் எட்டணாக் காசு அளவுக்குக் குங்குமம் வைத்துக்கொள்வாள். இன்னொரு கல்யாணம் பேச வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். படம் மட்டும் பார்க்க மாட்டாள். டிவியில் படம் வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். மாதம் ஒருமுறை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். எங்களைத் தடுக்க மாட்டாள், கிளம்பும்போது ஒன்று மட்டும் சொல்வாள்.

“கதவுப் பக்கமா ஒக்காருங்கடி.”

“தெடல்ல ஏது அத்த கதவு?” என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்போம்.

இதுதான் உங்கள் விடுதலைக் கதவு, டைரக்டர் சார்.

எனக்கு அத்தையிடம் ஒரு வேலை இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மன் கோயிலில் மாமா பெயருக்கு அர்ச்சனை செய்வாள். பூசாரி பெயர், நட்சத்திரம் கேட்பார். புருசன் பெயரை அத்தை வாயால் சொல்ல மாட்டாள். அந்தக் காலத்துப் பெண்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். என் முதுகில் விரலால் குத்துவாள், நான் சொல்வேன். ஐந்து வயதிலிருந்து நான்தான் சொன்னேன். எனக்கு முன்னால் அப்பா சொன்னாராம். உயிரோடு இருக்கும் ஒருவருக்குச் செய்வது போல, ஐம்பது வருஷமாக அந்த ஆளுக்கு ஆயுளும் ஆரோக்கியமும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். அப்போது தாடி வைத்திருந்தீர்கள். கோலாலம்பூர் ஆள், டிவியில் செய்தி வாசிப்பவர் மாதிரி தமிழ் பேசினீர்கள். எங்களுக்கெல்லாம் உங்களைப் பிடித்துப்போனது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, செட் போடும் வேலை மிச்சம் என்று உங்கள் ஆட்களிடம் சொன்னீர்கள். ஜப்பான்காரன் காலத்து வீடு அப்படியே இருக்கிறது என்று சந்தோஷப்பட்டீர்கள். நாங்களும் ஏதோ பாராட்டு என்று நினைத்துச் சிரித்தோம். தீபாவளிக்கு அம்மா வெள்ளையடித்திருந்த முன்சுவர் மட்டும் உங்களுக்குப் பிடிக்கவில்லை. அதில் சேற்றை அள்ளிப் பூசச் சொன்னீர்கள்.

நடிக்க வரச் சொன்னபோது அத்தை முதலில் மறுத்துவிட்டாள். அவள் முகம் உங்களுக்கு வேண்டியிருந்தது. வீட்டு வாசலில் வந்து நின்று, அம்மா, இது நம்ம சனங்க சயாமுக்குப் போன கதை என்றீர்கள். அத்தை அதுவரை தலையைத் தூக்கவில்லை. அப்போது தூக்கினாள்.

“சயாமுக்கே போயி எடுக்குறீங்களா தம்பி?”

“அங்க எடுத்து முடிச்சிட்டுத்தாம்மா இங்க வாரோம்.”

அவள் அதற்காகத்தான் வந்தாள். சயாமுக்குப் போய்த் திரும்பிய ஒருவரைப் பார்த்து அவளுக்கு ஐம்பது வருஷமாகியிருந்தது.

படப்பிடிப்பு காலையில் ஆரம்பித்தது. லாரியில் ஜப்பான் அதிகாரி வந்து இறங்குவார், கூட வந்த கிராணி, தோட்டத்துக் கணக்கர், செத்தவர்கள் பெயரை வாசிப்பார், பெண்கள் கதறி அழ வேண்டும். அதிகாரியாக நடித்தவர் டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்த சீனர். எங்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். அவர் விறைப்பாக இறங்கி வந்ததுமே பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் அம்மாதான் முதலில் சிரித்தாள்.

“தௌக்கே, எங்கூட்டுக்காரு சைக்கிளுக்கு டயர் மாத்தியாச்சா?” என்று ஒருத்தி கேட்டாள். கடை முதலாளியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். கூட்டம் உடைந்துவிட்டது. அவரும் வாளைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

மூன்று தடவை எடுத்தீர்கள். மூன்று தடவையும் அழுகை வரவில்லை. கண்ணில் ஏதோ மருந்து போட்டுவிட்டார்கள். எரிச்சலில் திட்டு வந்தது, அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னம்மா உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: “யாரும் சாகாம எப்படி அழுவறதுலா? மொதல்ல ஒரு பொணத்தக் காட்டு, அப்பறம் பாரு.”

நீங்கள் அத்தையிடம் போய்க் குனிந்து பேசினீர்கள். அம்மா, உங்க மகன் செத்துட்டான்னு நினைச்சுக்குங்க என்றீர்கள்.

“எனக்குப் புள்ளயே இல்லியே தம்பி.”

“சரி, உங்க வீட்டுக்காரரை நினைச்சுக்குங்க.”

“அவுரு இருக்காரு” என்றாள் அத்தை. அந்தப் பெரிய குங்குமத்தோடு, கையைக் கட்டிக்கொண்டு, கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். உண்மையான முகம் வேண்டும் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். அதுதான் உண்மையான முகம். அது உங்களுக்குப் போதவில்லை.

எல்லாரையும் கோப்பி குடிக்க அனுப்பிவிட்டு என்னிடம் வந்தீர்கள். நான் படம் எடுக்கும் சாமான்களைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். காட்சி தொடங்கும்போது தட்டும் பலகையை என் கையில் கொடுத்தீர்கள். தட்டிப் பார் என்றீர்கள். தட்டினேன். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. உங்க அத்தையோட வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டீர்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஓசிப் படம், பூட்டிய கதவு, சயாம், ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவர் செத்துவிட்டதாக அத்தையிடம் யாராவது சொன்னார்களா என்று கேட்டீர்கள், யாரும் சொல்லவில்லை என்றேன். கடைசியாகப் பெயர் கேட்டீர்கள். பெயர் சொல்வது என் வேலை. பூசாரிக்குச் சொல்வது மாதிரியே நட்சத்திரத்தோடு சேர்த்துச் சொன்னேன்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை கொடுத்தது போதும்.

நீங்கள் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டீர்கள். கேமராவைத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டு அத்தையை வாசலில் உட்கார வைத்தீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன். நீங்கள் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னீர்கள். சயாமில் ரயில் பாதை பக்கத்தில் பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அங்கேதான் படம் எடுத்தோம், அங்கே ஒரு கல்லில் இந்தப் பெயரைப் பார்த்தேன் என்றீர்கள். மாமா பெயரைச் சொன்னீர்கள். மாமாவின் அப்பா பெயர் உங்களுக்குத் தெரியாது. அதனால் தோட்டத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டீர்கள், அதுவும் கல்லில் எழுதியிருந்தது என்றீர்கள். எழுந்து நடந்து கேமராவுக்குப் பின்னால் போனீர்கள். ஒதுங்கி நின்றேன் என்று மண்டபத்தில் சொன்னீர்களே, அது இதுதான்.

அத்தைக்குச் சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. உங்கள் படத்தில் அந்த இடத்தை எல்லாரும் புகழ்கிறார்கள், பேசுவதற்கு முன்னால் அந்தத் தயக்கம் எவ்வளவு நுட்பம் என்று. அது நுட்பம் இல்லை. புருசன் பெயரை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்லப் பார்க்கிறாள். வாய் பழகவில்லை. மூன்று தடவை முயன்ற பிறகுதான் பெயர் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. கதவுப் பக்கம் உட்காரச் சொல்லாமல் விட்டேனே என்று மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். அவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதையும் எடுத்தீர்கள்.

நடுவில் ஒரு லாரி ஹாரன் அடித்துவிட்டது. உங்கள் ஆள் ஒருவன், அம்மா, இன்னொரு தடவை எடுத்துக்கலாமா என்று கேட்டான். அத்தை அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒரு மனுசன் எத்தன தடவடா சாவான்?”

அதோடு முடிந்தது. சைக்கிள் கடைக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். “மிந்தா மாஆப், மக்சிக்” என்று மலாயில் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டார். வேஷம் போட்டதற்கே அந்த மனிதருக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் ஜப்பான்காரனாக நடித்தவர்தான்.

நீங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். அத்தை முகத்தைக் கழுவிக்கொண்டு உங்களிடம் வந்தாள். அழுத அடையாளமே இல்லாமல், வழி கேட்பது மாதிரிக் கேட்டாள்.

“எந்த வரிசையில இருக்குது தம்பி? எத்தனாவது கல்லு?”

“நாளைக்கு வந்து எழுதிக் கொடுக்கிறேம்மா” என்றீர்கள்.

மறுநாள் நீங்கள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

படம் எடுத்த அன்று சாயங்காலமே அத்தை குழாயடியில் குளித்துவிட்டு வந்து, குங்குமத்தை அழித்து, தாலியைத் தானே கழற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். அம்மா கையைப் பிடித்துத் தடுத்தாள். வேலை முடிந்து வந்த அப்பா கத்தினார்.

“எவனோ படத்துக்காரன் சொன்னான்னு தாலிய கழட்டுவியா அக்கா?”

“படத்துக்காரந்தான் கூட்டிக்கிட்டுப் போனான். படத்துக்காரந்தான் சேதி கொண்டாந்தான். வேற யாருடா வரப்போறா?”

உடல் இல்லை, செத்த நாள் தெரியாது. கருமாதிக்கு வந்த பண்டாரம் என்றைக்குத் திதி வைப்பது என்று கேட்டார். செய்தி வந்த நாளை வைத்துக்கொள்ளச் சொன்னாள் அத்தை. உங்கள் படப்பிடிப்பு நாள்தான் இன்றுவரை என் மாமாவுக்குத் திதி. நீங்கள் மறந்திருப்பீர்கள். நாங்கள் வருஷா வருஷம் படையல் போடுகிறோம்.

அதற்குப் பிறகு அத்தை ஒன்பது வருஷம் இருந்தாள். சயாமுக்குப் போய் அந்தக் கல்லில் சூடம் ஏற்ற வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. அப்பா ஈப்போவுக்கு அழைத்து வந்து பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தார். அதற்குள் முட்டி போய்விட்டது, பிறகு நடையே போய்விட்டது. அந்தப் பாஸ்போர்ட் இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு முத்திரைகூட விழவில்லை. அதில் ஒட்டிய புகைப்படத்தில் அவள் நெற்றி வெறுமையாக இருக்கிறது.

அவளுக்காக நான் போனேன். ஜெலாப்பாங்கில் என்னோடு வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து ஒரு பஸ் சுற்றுலா போனபோது, நானும் சூடமும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். நீங்கள் சொன்ன கல்லறைத் தோட்டம் உண்மையிலேயே இருக்கிறது. புல்லை அழகாக வெட்டி வைத்திருக்கிறார்கள். முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கல்லாகப் படித்தேன். மற்றவர்கள் கடைக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டார்கள், நான் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர். ஒரு தமிழன் பெயர் இல்லை. புல் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் கையைக் காலை ஆட்டிக் கேட்டேன். கூலிக்காரர்களுக்கு இங்கே கல் இல்லை என்று அவரும் கையை ஆட்டிச் சொன்னார். நீங்கள் அங்கே படம் எடுத்தவர். உங்களுக்கு இது தெரியாதா? தெரிந்துதானே சொன்னீர்கள். எங்கள் ஆட்களைப் புதைத்த இடத்தில் பெயர் கிடையாது என்று தெரிந்துகொண்டே, என் வாயிலிருந்து பெயரைப் பிடுங்கி, இல்லாத கல்லில் எழுதினீர்கள்.

என் அண்ணன் சொல்கிறான், விடு, அத்தைக்கு ஒரு முடிவு கிடைத்ததே என்று. முடிவு கிடைத்தது உங்கள் காட்சிக்கு, அவளுக்கு இல்லை. காத்திருப்பதா, அழுவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவள் அவள். ஐம்பது வருஷம் அவள் பிடித்து வைத்திருந்ததை நான்கு நிமிடத்துக்காக வாங்கிக்கொண்டு போனீர்கள். படத்தில் அவள் பெயரைக்கூடப் போடவில்லை. தோட்டத்து மக்களுக்கு நன்றி என்று ஒரு வரி ஓடுகிறது.

என்னையும் நான் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன், காணாமல் போன மாமாவைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான்தான் என்று. கருமாதி முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை வழக்கம் போல அத்தையோடு கோயிலுக்குப் போனேன். பூசாரி அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பெயர் கேட்டார். முதுகில் விரல் படவில்லை. மறந்துவிட்டாள் போல என்று நானே மாமா பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை உள்ளங்கையால் என் வாயை மூடினாள். கையில் மஞ்சள் வாசனை இல்லை, சோப்பு வாசனைதான் இருந்தது. செத்தவர்களுக்கு அர்ச்சனை கிடையாது என்பது எனக்குத் தெரியவில்லை. நான் கொடுத்த பெயரால்தான் அவர் செத்தார் என்பதும் தெரியவில்லை. என் வேலையைப் பிடுங்கிவிட்டாளே என்று அவள்மேல் கோபம் வந்தது. வீடு வரும்வரை அவளோடு பேசவில்லை.

டைரக்டர் சார், அடுத்த மாதம் சித்தியவானில் உங்கள் படத்தை மறுபடியும் போடுகிறார்களாம், நீங்களும் வருகிறீர்களாம். நான் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை மைக் எனக்குத் தேவையில்லை, என் குரல் கேட்கும். உங்களுக்குத்தான் மைக் வேண்டும். எல்லார் முன்னாலும் அதைப் பிடித்து, என் அத்தை கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். எந்த வரிசை? எத்தனாவது கல்?